ஒரு மணி குறைந்த செபமாலை

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்க வேண்டுமென்று நாள்தோறும் வேண்டுகிறேன். ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசத்தான் செய்கிறோம். உன் வேலையைப் பற்றியும் என் முழங்கால் வலியைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் அடக்கம் முடிந்து நீ புறப்பட்ட நாளிலிருந்து ஒரு முறைகூடப் பாட்டியின் பேச்சு உன் வாயிலிருந்து வரவில்லை. அவர் மடியில் வளர்ந்த பிள்ளை நீ. துக்கம் உன்னை இப்படி ஊமையாக்கிவிட்டது என்றே முதலில் எண்ணிக்கொண்டேன்.

நவம்பர் 2 நெருங்குகிறது. கல்லறைத் திருநாள் பூசையைப் பாட்டிக்காக ஒப்புக்கொடுக்கக் கேட்டிருக்கிறேன். நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குச் சென்று, உரிய ஆயத்தத்தோடு இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டால் அவர்களுக்குப் பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் பரிபூரண பலன் கிடைக்கும் என்பதைப் பாட்டி உனக்குச் சொல்லித்தந்திருக்கிறார். நீ இருக்கும் ஊரிலும் கல்லறைத் தோட்டம் இருக்கும். போய் நின்று ஒரு மந்திரமாவது சொல். ஞாயிறு பூசையையும் விட்டுவிடாதே.

பாட்டியின் செபமாலையை நீ எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாய். பெட்டியில் அவர் கையோடு வைத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, உனக்கென்று நான்தான் எடுத்து வைத்தேன். நேற்று அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சிலுவையில் உள்ள பாடுபட்ட சுரூபத்தின் முகம் விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து வழவழவென்றாகிவிட்டது. மூன்றாம் பத்து மணியில் ஒன்று இல்லை. நீ நடைபழகும் வயதில் பிடித்து இழுத்து அறுத்த இடம் அது. உருண்டோடிய மணியைத் தேடிக் கிடைக்காமல் போகவே, பாட்டி அந்த இடத்தில் கறுப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு 53 மணி செபத்தில் விரல் அந்த முடிச்சுக்கு வரும்போதெல்லாம் அந்த ஒரு மந்திரத்தை உனக்காகவே சொல்லிவந்தார். 2002 அக்டோபரில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் தியானிக்கும் தேவ இரகசியங்களோடு ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்து, அவற்றுக்கு வியாழக்கிழமையைக் குறித்தபோது, வாழ்நாளெல்லாம் வியாழனன்று சந்தோஷ தேவ இரகசியங்களைச் சொல்லிப் பழகிய பாட்டி உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீ வாசிக்க வாசிக்க அந்த ஐந்தையும் மனப்பாடம் செய்தார். என் பேரன்தான் எனக்கு உபதேசியார் என்று வருவோரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்ற பழைய மந்திரத்தை மட்டும் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. அப்படிப்பட்டவரின் செபமாலையை மேசைமேல் விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது?

நான் உன்னைக் கேட்கத் தகுதியற்றவன். அடக்கத்தன்று உன் அத்தை உன்னைத் தனியே அழைத்துப் பேசியதைப் பார்த்தேன். என்ன சொன்னாள் என்று இன்றுவரை கேட்கவில்லை, கேட்காமலே தெரியும்.

பாட்டி சாமியாரை அழைத்துவரச் சொல்லி இரண்டு முறை கேட்டார். திங்கள் மாலை ஒரு முறை, செவ்வாய் இரவு ஒரு முறை. இப்போது என்ன அவசரம் அம்மா, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சாமியார் வந்து நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதற்கு இன்று நோயில்பூசுதல் என்று பெயர். அது சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனாலும் என் மனத்தில் சிறுவயதில் கேட்ட அவஸ்தைப்பூசுதல் என்ற பெயரே நின்றது. சாமியார் எண்ணெயோடு வாசலில் வந்து நின்றால் என் தாயை நானே அனுப்பிவைப்பதாக ஆகிவிடும் என்று பயந்தேன். பயந்தவன் நான், அவரல்ல. மாதத்தின் முதல் வெள்ளியான தலைவெள்ளி தவறாமல் பூசையில் நற்கருணையாகிய நன்மை வாங்கியவர் அவர். ஒன்பது தலைவெள்ளி தொடர்ந்து நன்மை வாங்குவோர் இந்தப் பூசுதல் போன்ற தேவதிரவிய அனுமானங்களைப் பெறாமல் சாகமாட்டார்கள் என்று இயேசுவின் திருஇருதயம் புனித மார்கரீத் மரியாவுக்குக் கொடுத்த வாக்குறுதியை நம்பி, காய்ச்சலிலும் மழையிலும் கோவிலுக்கு நடந்தவர். அந்த வாக்குறுதிக்குக் குறுக்கே அவர் பெற்ற மகனே நின்றேன்.

புதன் விடியற்காலையில் ஓடிப்போய் அழைத்துவந்தேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவருக்குப் பூசுதல் கிடையாதென்பதால் சாமியார் முழந்தாளிட்டு மரித்தோருக்கான செபங்களைச் சொன்னார். அன்று காலை நீ தொலைபேசியில் முதலில் கேட்டது, சாமியார் வந்தாரா என்பதுதான். வந்தார் என்றேன். எப்போது வந்தார் என்பதைச் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டே ஆண்டவருக்குத் தோத்திரம் என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்ல இத்தனை மாதங்கள் ஆயின. உன் கோபம் என்மேல் இருக்கட்டும். அதற்காகப் பூசையை விட்டுவிடாதே. இரவில் சரியாகச் சாப்பிடு.

செபமாலை என் சட்டைப்பையில் இருக்கிறது. முடிச்சு வரும்போது உனக்கான மந்திரத்தை இப்போது நான் சொல்கிறேன். அதை அஞ்சலில் அனுப்பட்டுமா, நீயே வந்து வாங்கிக்கொள்கிறாயா என்று எழுது.

அப்பா