புல்தரைக்குத் தினமும் தண்ணீர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த வீட்டுப் புல்தரைக் குறிப்புகளைப் படித்தேன். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளிக்க வேண்டுமாம், இலையுதிர் காலத்தில் விதை தூவ வேண்டுமாம். திருச்சியில் எங்கே சார் இருக்கிறது இலையுதிர் காலம்? குளிர் நாட்டுப் புல்லுக்குச் சொன்னதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு வருடமாக 400 சதுர அடிப் புல்லோடு மல்லுக்கட்டுகிறவள் நான். முதல் மூன்று வருடம் நானும் தினமும்தான் ஹோஸ் பிடித்து நின்றேன். மேல்மண் மட்டும் நனையும், வேரும் தண்ணீர் கிடைக்கிற மேலேயே நின்றுவிடும், சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் அத்தனையும் வைக்கோல். இப்போது கோடையில் வாரம் இரண்டு முறை, மற்ற மாதங்களில் ஒரு முறை, மழைக்காலத்தில் கிடையவே கிடையாது. ஆனால் விடுகிற அன்று நன்றாக விட வேண்டும். 400 சதுர அடியில் ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறத்தாழ 940 லிட்டர், அதாவது மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். மலைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அவ்வளவு தேவையில்லை. விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பார்ப்பேன், ஐந்தாறு அங்குலம் சுலபமாக இறங்கினால் சரி. அடுத்து எப்போது என்பதைப் புல்லே சொல்லும். நடந்து போன கால் தடம் நிமிராமல் அப்படியே கிடந்தால் அதற்குத் தாகம் என்று அர்த்தம். எப்போதும் விடியற்காலையில்தான் விடுவேன். இரவெல்லாம் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சணம் வந்துவிடும்.

அப்புறம் வெட்டுவது. அடிக்கடி வெட்ட அலுப்புப்பட்டு மொட்டை அடித்துவிடுகிறார்கள், தப்பு அங்கேதான். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் மண்ணில் வெயில் பட்டுக் கோரை கிளம்பும். கோரையைப் பற்றித் தனிக் கட்டுரையே போடலாம் நீங்கள், மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கிவிடுகிறது, கொத்தினால் உடைந்து நாலு பக்கமும் பரவுகிறது. புல் நடுவதற்கு முன்பே கிழங்கைத் தோண்டி எடுத்தவர்கள் புண்ணியவான்கள். நான் எடுக்கவில்லை.

யூரியாவிலும் சூடு பட்டிருக்கிறேன். சீக்கிரம் பச்சையாகட்டும் என்று ஒரு மே மாதம் கை கையாக வீசினேன், விழுந்த இடமெல்லாம் கருகிப் போனது. என் அளவு இடத்துக்கு 200 கிராம் போதும், அதுவும் மணலில் கலந்து சீராகத் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். பக்கத்து வீட்டு நாய் ஒன்றுக்குப் போகிற இடத்தில் நடுவில் கருகி, சுற்றிலும் மட்டும் கரும்பச்சையாக வட்டம் விழுகிறதே, அதுவும் இதே யூரியா கதைதான்!

எந்தப் புல் என்றும் கேட்பார்கள். பார்க்க அழகு என்று கொரியன் புல்லைத்தான் எல்லோரும் போடுகிறார்கள், நானும் போட்டேன். மெதுவாக வளரும், ஒரு இடம் போனால் மூட மாதக்கணக்கில் ஆகும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துகிறோம், வீட்டு வாசலில் மட்டும் அருகுக்கு இடமில்லை. வெயில் படுகிற, குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கு அருகம்புல்தான். புரட்டாசியில் நட்டால் ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். அரைநிழல் என்றால் அகல இலை கொண்ட எருமைப்புல் தாங்கும்.

மாமரத்தடியில் எந்தப் புல்லும் வேண்டாம். நாள் முழுக்க அடர்ந்த நிழல் விழுகிற இடத்தில் என்ன செய்தாலும் வராது. மூன்று முறை பணம் கொடுத்து, மண்ணோடு பெயர்த்து விற்கிற புல் பாய் வாங்கி விரித்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது அங்கே ஒரு சிமெண்ட் பெஞ்ச் கிடக்கிறது, என் வீட்டுக்காரர் அதில் உட்கார்ந்துதான் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி