தேய்ந்த விரலுக்கு என்ன செய்வது?

ஐயா, ரேஷன் கடைகளில் கைரேகைப் பதிவு பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். போலி பில் போடுவது ஒழிய இந்தக் கைரேகை இயந்திரம் தேவைதான், சரி. ஆனால் எல்லோர் விரலும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துக்கொள்வதில்தான் கோளாறு. என் மாமனார் சோமனூர்ப் பக்கம் விசைத்தறிகளுக்கு அச்சு பிணைத்தவர்; அதாவது, தறியில் தீர்ந்துபோகும் பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாக இணைப்பவர். சாம்பலைத் தொட்டுத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூல் நுனிகளை முறுக்கியே முப்பது வருடம் ஓட்டினார். அந்த இரண்டு விரலும் இன்று கண்ணாடிபோல வழவழவென்று இருக்கின்றன. போன மாதம் கடையில் ஏழு முறை வைத்துப் பார்த்தார்; வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பச்சை விளக்கு எரியவேயில்லை. "நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

கைரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. மேல்தோல் தேய்ந்தாலும், சில வாரம் கைக்கு ஓய்வு கொடுத்தால் வரிகள் பெரும்பாலும் திரும்ப வளரும். தினக்கூலிக்காரர் ஓய்வுக்கு எங்கே போவார்? வயதானால் தோலும் வறண்டு, மெலிந்துவிடுகிறது. ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காக யாருக்கும் பயன் மறுக்கப்படக் கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆதார் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆகவே கருவிழிப் பதிவையோ கைப்பேசிக்கு வரும் ஓடிபியையோ அட்டைதாரர் கெஞ்சிக் கேட்டபின் தராமல், இரண்டாவது முறை ரேகை தவறியதுமே கடைக்காரரே தொடங்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அன்றே அரிசியை அளந்து கொடுக்கலாம். இந்த விதியை எடைத்தராசுக்கு மேலே, பெரிய எழுத்தில் எழுதி வைக்க அரசு உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர், பல்லடம்