நாற்பது பேருக்கும் சுருக்குப் பை தைக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளிச் சுற்றுலாவுக்கு முன் மாணவர்களுக்குத் தாங்களே எதையாவது தைத்துக் கொடுக்க நினைக்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் பெரும்பாலும் பொம்மையில்தான் கை வைக்கிறார்கள். வளைவு, பஞ்சு, கண், மூக்கு என்று வேலை இழுத்துக்கொண்டே போய், பாதி வகுப்புக்குக்கூடத் தேறுவதில்லை. நேர்த்தையல் மட்டுமே தெரிந்தவர்களுக்கும் சுருக்குப் பை சரியாக வரும். சீப்பு, பல்துலக்கி, சில்லறை வைத்துக்கொள்ளப் பயணத்திலேயே உதவவும் செய்யும்.

20 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரமுள்ள பைக்கு 23 × 56 செ.மீ. துண்டு ஒன்று போதும். பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. தையலுக்கு, மேலே இருபுறமும் 3 செ.மீ. நாடா மடிப்புக்கு. 110 செ.மீ. அகலத் துணியில் ஒரு வரிசைக்கு நான்கு துண்டுகள் விழும். நாற்பது பேருக்குப் பத்து வரிசை, கெட்டுப்போனால் மாற்ற இன்னொரு வரிசை. பருத்தித் துணி நனைந்தால் சுருங்கும் என்பதால் ஆறே முக்கால் மீட்டராக வாங்கி, நனைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே நாடாவைச் சுற்றித் துணி கோணிக்கொள்ளும். அடர் சிவப்பு, நீலம் என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். இன்னொன்று: அடியில் மடித்துத் தைக்கும் பை இது. யானை, மரம் போட்ட துணியில் ஒரு பக்கம் யானை தலைகீழாகத்தான் நிற்கும். புள்ளி, கட்டம் போதும்.

நல்ல பக்கம் உள்ளே இருக்க, குறுக்கே இரண்டாக மடித்து, மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே இருபுறமும் குறியிடுங்கள். குறியிலிருந்து அடிவரைதான் பக்கத் தையல். பலரும் மேல்வரை தைத்துவிட்டு, நாடா நுழைய வழியில்லாமல் பிரிக்கிறார்கள். குறியிட்ட இடத்தில் முன்னும் பின்னுமாக நாலு தையல் போட மறக்கக் கூடாது. பிள்ளைகள் நாடாவை வெடுக்கென்று இழுக்கும்போது பை கிழிவது அங்கேதான். நூல் பிரியாமல் ஓரங்களுக்கு ஜிக்ஜாக் (வளைந்து வளைந்து போகும் தையல்) அடித்து, மேலே தைக்காமல் விட்ட பக்க ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்துவிட்டு, மேல் விளிம்பை முதலில் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்து, அந்த மடிப்பின் அடியோரமாகத் தையுங்கள். சாதாரணப் பருத்திக்கு 14-ஆம் எண் ஊசி, இரண்டரை மில்லிமீட்டர் தையல் நீளம்.

நாடா ஒரு பைக்கு 60 செ.மீ. வீதம் இரண்டு. ஒன்று வலப்பக்கம் நுழைந்து, சுற்றி வந்து, வலப்பக்கமே வெளியேற வேண்டும், மற்றது இடப்பக்கம். ஒற்றை நாடா போட்டால் வாய் ஒரு பக்கமாக இழுபடும், சீக்கிரம் தளர்ந்தும் விடும். நைலான் நாடா என்றால் நுனியைத் தீயில் லேசாக உருக்கலாம். பருத்தி நாடா எரிந்துவிடும், முடிச்சுதான் போட வேண்டும். கழுத்தில் மாட்டும் நீளத்துக்கு நாடா விடவே கூடாது. பேருந்துக் கதவிலோ கம்பியிலோ சிக்கினால் ஆபத்து.

ஒவ்வொரு பையாக முடிக்காதீர்கள். எல்லாவற்றையும் வெட்டி, எல்லாவற்றுக்கும் பக்கம் தைத்து, பிறகு மடிப்பு என்று போனால் நேரம் பாதியாகும். ஒரு துண்டு முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்ததை ஊசிக்கடியில் தள்ளலாம். நாலைந்து பாபினில் (அடிநூல் சுற்றும் சிறு உருளை) முன்பே நூல் சுற்றிக்கொள்ளுங்கள்.

பெயரைப் பையின் வெளியே பின்னுவது அழகுதான், ஆனால் வேண்டாம். முன்பின் தெரியாதவர் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்யும். நாடாத் துண்டில் எழுதிப் பக்கத் தையலுக்குள் வைத்துத் தைத்துவிடலாம். கிளம்புவதற்கு முந்தைய நாளே கொடுத்தால் வீட்டில் பொருள்களை அடுக்கிக்கொள்வார்கள். கொடுக்கும் முன் குண்டூசிகளை எண்ணுங்கள். தொடங்கும்போது இருந்த எண்ணிக்கைக்கு ஒன்று குறைந்தாலும் எல்லாப் பைகளையும் உட்புறம் திருப்பித் தடவிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தையல் ஆசிரியை ஒருவர்