பட்டா கேட்ட தம்பிக்கு

தை 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. எல்லோரும் சுகம். நீ கேட்ட பட்டா, சிட்டா இரண்டையும் அன்றைக்கே எதிர்வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நீலக் குறி விழுந்துவிட்டது என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜனவரி 28-ல் மூடிவிட்டார்கள். வாய்க்காலில் இனி வருவது கசிவுதான். பொன்மணி நெல் தலை சாய்ந்துவிட்டது. கதிரின் அடியில் மட்டும் நாலைந்து மணி பச்சை. மடையை அடைத்து, வடிகால் வாயை வெட்டிவிட்டாயிற்று. அறுப்புக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை இறக்காவிட்டால் டயர் வைத்த அறுப்பு வண்டி வயலில் இறங்காது. செயின் வண்டிக்கு மணி வாடகை கூடுதல். ஒன்பது மாவில் (மூன்று மா ஓர் ஏக்கர்) கீழக்கொல்லை மூன்று மாவுக்கு எப்படியும் செயின் வண்டிதான். அந்தப் பள்ளம் உனக்குத் தெரியாததா.

டிரைவர் காலை எட்டு மணிக்கே இறங்குகிறேன் என்பான். விடக்கூடாது. பனி காயப் பத்து மணி ஆகும். ஈர வைக்கோல் உள்ளே சுற்றிக்கொண்டால் மணி பிரியாமல் வைக்கோலோடு பின்னால் போய்விடும். நெல்லிலும் ஈரம் ஏறும். கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் மீட்டர் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காய வைத்துக் கொண்டுவா என்று திருப்பிவிடுவார்கள். தார்ப்பாய் விரித்து, மெல்லிசாகப் பரப்பி, காலால் சால் விட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் நல்ல வெயிலில் ஒரே நாளில் இறங்கிவிடும். கடித்துப் பார்த்தால் 'கடுக்' என்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. 40 கிலோ மூட்டையாகப் பிடிப்பதற்குள் அங்கே எத்தனை பேர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது வேறு கதை.

அதற்கும் சிட்டா, அடங்கல் வேண்டும். விஏஓவிடம் இந்தப் பயிருக்குப் புது அடங்கல் வாங்கி வைத்திருக்கிறேன். உனக்கு அதுவும் வேண்டுமா? பட்டா மட்டும் போதும் என்றால் அது என்ன வேலை என்று யோசித்தேன். நம்முடையது கூட்டுப் பட்டா, சித்தப்பா பெயரும் அதில் இருக்கிறது. சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு செய்தால்தான் தனிப்பட்டா. அது இல்லாமல் பேங்க்காரனும் சரி, வேறு எவனும் சரி, நம் பங்கு எது என்று கேட்டுச் சுற்றவிடுவான். விவரம் தெரிந்த பிள்ளை நீ. ஊரில் பாதிப் பேர் பயிர் இன்சூரன்ஸுக்கு உன்னிடம்தானே போன் போட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் எடுத்துச் சொல்கிறாய். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே.

நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து நாளைக்குத் தெளிக்கிறேன். ஆள் அறுப்பென்றால் பத்து நாள் முன்பே தெளிக்கலாம். வண்டி அறுப்புக்கு அது ஆகாது. முளைத்து இலை விட்டதெல்லாம் செயினில் மாட்டிச் செத்துவிடும். நாலைந்து நாள் முன்பு போதும். மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் விரல் தடம் விழணும், தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது. ஊறினால் விதை அழுகும். வெடிப்பு விட்டுவிட்டால் விதை உள்ளே விழுந்து முளைக்காது. ஏக்கருக்குப் பத்து கிலோ கணக்கு. வண்டி மிதிப்பதற்காக இரண்டு கிலோ சேர்த்திருக்கிறேன். ரகம் ஆடுதுறை 3 தான். ஆறின கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரப் பொட்டலத்தைக் கரைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தித் தெளிக்க வேண்டும்.

டிரைவரிடம் இன்னொன்றும் கறாராகச் சொல்ல வேண்டும்: ஒரே இடத்தில் நின்று திரும்பக்கூடாது. செயின் சுழன்ற இடத்தில் சேறு புரண்டு விதை ஆழத்துக்குப் போய்விடும், அந்த வட்டம் கடைசிவரை மொட்டையாகவே கிடக்கும். வைக்கோலையும் இரண்டு நாளில் கட்டு கட்டி எடுத்துவிட வேண்டும். அதன் அடியில் முளைத்தது வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும். இதையெல்லாம் நான் சொன்னால் தலையாட்டுகிறான், செய்வதில்லை. நீ வரப்பில் நின்றால் செய்வான்.

பூ எடுக்கும்போது டிஏபி உரம். ஏக்கருக்கு நாலு கிலோவை முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் தெளிவை மட்டும் இறுத்து 200 லிட்டராக்கி, வெயில் தாழ அடிக்க வேண்டும். வண்டலைக் கலக்கிவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. மஞ்சள் நோய் கண்ட செடியை அன்றைக்கே பிடுங்கிப் புதைக்க வேண்டும். வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது, வெள்ளை ஈ மற்றதுக்கும் கொண்டுபோகும். சித்திரை பிறந்ததும் பறிப்பு.

அதுவரை நிலம் பயிரோடு இருக்கும். பயிர் நிற்கிற நிலத்தில் அளக்கக் கொள்ள எதுவும் வேண்டாம் என்று சித்தப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்தான் 'தம்பி என்னிடமும் ஆதார் நகல் கேட்டதே' என்றார். எனக்குத் தெரியும் என்று சொல்லி வைத்தேன்.

கூட்டுறவுக் கடனை நெல் பணம் வந்ததும் கட்டிவிடுவேன், அதை நினைத்து நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பணமுடை என்றால் உளுந்து வரும், அதுவரை என் வளையல் இருக்கிறது. படிக்காமல் கையெழுத்து மட்டும் போடாதே.

வண்டி வியாழன் அல்லது வெள்ளி. புதன் ராத்திரி பஸ் ஏறினால் சரியாக இருக்கும். வர முடியாது என்றால் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போன் பண்ணு, வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
அம்மா