அன்று நிறுத்தாத இடம்

அன்பு மகள் கயலுக்கு,

நலம்தானே கண்ணு? நேற்று அம்மாவும் நானும் கலிபோர்னியாவில் ராட்சத மரங்கள் நிற்கும் அந்த ரெட்வுட் காட்டுக்குப் போய் வந்தோம். உனக்கு ஆறு வயதில் போனோமே, அதே வழி. முதல் நாள் இரவே யுரேகா என்ற ஊரில் தங்கிவிட்டதால் காலையிலேயே புறப்பட முடிந்தது.

அந்தச் சாலைக்கு அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ் என்று பெயர். ஒரு காலத்தில் அதுதான் 101 நெடுஞ்சாலை. இப்போது 101 பக்கத்திலேயே அகலமாக, வேகமாக ஓடுகிறது. பழைய சாலை 31 மைல் தூரம் ஈல் ஆற்றை ஒட்டி மரங்களுக்கு நடுவே வளைந்து போகிறது. சில மைலுக்கு ஒருமுறை நெடுஞ்சாலைக்குத் திரும்பும் வழி வரும். அன்றைக்கு நான் இரண்டாவது திருப்பத்திலேயே திரும்பிவிட்டேன். இருட்டுவதற்குள் ஓட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒரே பரபரப்பு. "நிறுத்துங்கப்பா, ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்" என்று பின்சீட்டிலிருந்து கேட்டாய். அடுத்த தடவை என்றேன். அந்த அடுத்த தடவை வரவே இல்லை. இத்தனை வருடமாக அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது, கயல்.

நேற்று எந்தத் திருப்பத்திலும் திரும்பவில்லை. நடுப்பகலிலும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டினேன், அவ்வளவு நிழல். ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற மரத்தோப்பில் இறங்கி முதல் வேலையாக ஒரு மரத்தைத் தொட்டேன். பட்டை கெட்டியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நார் நாராக, அழுத்தினால் லேசாக உள்வாங்குகிறது. முதிர்ந்த மரத்தில் அந்தப் பட்டையே ஓர் அடி கனம் வரும். அதனால்தான் காட்டுத்தீ கடந்து போன பிறகும் கருகின அடியோடு உயிருடன் நிற்கின்றன. இவ்வளவு பெரிய மரத்தின் விதையோ தக்காளி விதை அளவுதான். கட்டைவிரல் நுனி அளவுள்ள காய் ஒன்று கீழே கிடந்தது. உனக்கு அனுப்பலாமா என்று கையில் எடுத்தேன். பூங்காவிலிருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது, அதனால் கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அங்கேதான் டையர்வில் ஜயன்ட் கிடக்கிறது, 1991 மார்ச்சில் விழுந்த மரம். நின்றபோது 360 அடிக்கு மேல். அம்மா முட்டிவலியைப் பொருட்படுத்தாமல் அதன் பக்கத்திலேயே நடந்தாள். நடக்க நடக்க மரம் முடிகிற பாடில்லை. பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதி மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு உயரம். இந்த மரங்களுக்கு ஆணிவேர் கிடையாதாம். ஆழம் குறைவு, பக்கவாட்டில்தான் வெகுதூரம் ஓடுகிறது. 1964-இல் ஈல் ஆற்றில் வந்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அந்தச் சாலையில் உள்ள வீயாட் என்ற ஊரில் ஒரு கம்பத்தில் குறித்திருக்கிறார்கள், அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து அடிமரத்தை மூடினால், அந்த வண்டலுக்குள் புது வேர் விட்டுக்கொள்ளுமாம் இந்த மரம்.

நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது எங்கே தெரியுமா? தரையில் நம் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி படர்ந்திருக்கிறது, மூன்று மூன்று இலையாக. கிளைகளுக்கு நடுவே வந்த ஒரு துண்டு வெயில் மெல்ல நகர்ந்து அதன் மேல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாகக் குடை மடக்கினாற்போல் கீழே மடிந்தன. பக்கத்திலேயே நிழலில் இருந்தவை விரிந்தபடியே இருந்தன. சின்ன வயதில் எறும்பு ஊர்வதை இப்படித்தான் குந்தி உட்கார்ந்து பார்ப்பாய். "நேரமாச்சு, வா" என்று கையைப் பிடித்து இழுத்தவன் நான். நேற்று என்னை யாரும் கூப்பிடவில்லை. வெயில் நகர்ந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே மாதம் வருகிறாய் அல்லவா? அங்கே போவோம். வண்டியை நீயே ஓட்டு. எங்கே நிறுத்தத் தோன்றுகிறதோ அங்கே நிறுத்து. நான் கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா