அங்கே ரோடு எப்படி?

கிளாஸ்கோ
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலமா? உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஃபோனில்தான் பேசுகிறோமே என்று சொல்லிக்கொள்வேன். ஆனால் ஃபோனில் உங்களுக்குக் காது கேட்பதில்லை. உங்கள் பேச்சையும் சேர்த்து அம்மாவே பேசி முடித்துவிடுகிறாள்.

பத்திர விஷயம், கண் ஆபரேஷன் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இடம் இல்லாமல் ஓரமாக நெருக்கி ஒன்று கேட்டிருந்தீர்கள்: "டூர் போறதா அம்மா சொன்னா. அங்கே ரோடு எப்படி?" அதற்குத்தான் இந்தக் கடிதம். மலையையும் கடலையும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டியாயிற்று. ரோடு உங்களுக்கு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாளும் வண்டி ஓட்டியது நான்தான். உங்கள் மாப்பிள்ளை இங்கே இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. எனக்கு இப்போது வேலையே வீடு வீடாகப் போவதுதான் என்பதால் கை பழகிவிட்டது. பயப்பட வேண்டாம், ஆஸ்பத்திரி வேலை மாதிரிதான், வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்துக்கொள்கிற வேலை. நல்ல வேலைதான். அவருக்கும் இப்போது கொஞ்சம் ஓய்வாக இருப்பதால் ஒன்பது நாள் சேர்ந்தாற்போல் போக முடிந்தது. லாட்ஜ் எதிலும் தங்கவில்லை. பிள்ளைகளுக்குக் கூடாரம்தான் பிடித்திருக்கிறது.

கூடாரம் கீழ்வீட்டுத் தாத்தாவுடையது. அம்மாவுக்கு அவரைத் தெரியும். சின்னவள் மேலே தடதடவென்று ஓடினால் துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து இடிப்பாரே, அவர்தான். என் அப்பா மலை ரூட்டில் பஸ் ஓட்டியவர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். அன்றிலிருந்து இடிப்பதில்லை. அவரும் லாரி டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவராம். ஊர் ஸ்காட்லாந்தின் வடமேற்கே லூயிஸ் தீவு, தாய்மொழி அந்தப் பக்கத்துப் பழைய மொழியான கேலிக். நாங்கள் அந்தப் பக்கம் போகிறோம் என்றதும் கூடாரத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். எந்த ஊரில் பெட்ரோல் போட்டுக்கொள்ள வேண்டும், எந்த வளைவில் ஆடு படுத்திருக்கும் என்றெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தார். பதிலுக்கு ஒரே ஒரு சாமான் கேட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளாஸ்கோவிலிருந்து வடக்கே லோமண்ட் ஏரிக்கரையோடு போகிற ரோட்டுக்கு ஏ 82 என்று பெயர். சில இடங்களில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தண்ணீர். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் கண்ணாடியை மடக்க வேண்டியதுதான். அதைத் தாண்டி கிளென்கோ. 1692-இல் விருந்தாளியாக வந்து தங்கி, பன்னிரண்டு நாள் சாப்பிட்ட பட்டாளத்துக்காரர்கள் ஒரு விடியற்காலையில் வீட்டுக்காரர்களையே வெட்டிப் போட்ட இடம். அம்மாவிடம் சொன்னால் "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணின ஊர்லயா கூடாரம் போட்டே?" என்பாள். போடவில்லை, தாண்டிப் போய் ஃபோர்ட் வில்லியமில்தான் போட்டோம். பிரிட்டனிலேயே உயரமான மலை அங்கேதான், 1345 மீட்டர். நாங்கள் இருந்த மட்டும் அது மேகத்தை விட்டு வெளியே வரவில்லை.

அப்புறம் மலேக் என்கிற ஊரில் படகில் வண்டியை ஏற்றி ஸ்கை தீவில் இறங்கினோம். நீங்கள் கேட்ட ரோடு அங்கிருந்துதான் ஆரம்பம். உள்ளே போகப் போக ஒரு வண்டி அகலம்தான் தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை மலைப்பாம்பு ஆட்டை விழுங்கியது போல ரோடு ஒரு பக்கம் புடைத்திருக்கும். அங்கே "பாஸிங் பிளேஸ்" என்று பலகை. எதிரே வண்டி வந்தால் யாருக்கு அது கிட்டேயோ அவர் நிற்க வேண்டும். நம் இடது கைப் பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்கலாம். வலது பக்கம் இருந்தால் குறுக்கே பாயக்கூடாது. அதற்கு நேராக நம் பக்கத்திலேயே நின்றுவிட்டால் எதிரே வருகிறவர் வளைந்து போய்க்கொள்வார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று ரோடு விதிப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. லைசென்ஸுக்குப் படிக்கும்போது அந்த வரியைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி இரண்டாவது வளைவில் லாரிக்காரனைப் பார்த்து, ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஏறுத வண்டிக்கு வழிவிடணும்னு தெரியாதாலே? எவன்லே ஒனக்கு லைசென்ஸ் குடுத்தான்?" என்று நீங்கள் கத்தியது அப்படியே காதில் கேட்டது.

இங்கே யாரும் கத்துவதில்லை. ஹாரனும் கிடையாது. வழிவிட்டவருக்கு ஸ்டியரிங்கை விடாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்த வேண்டும். கையை ஆட்டினால் டூரிஸ்ட் என்று தெரிந்துவிடும் என்றார் தாத்தா. மூன்றாம் நாள் என் விரல் தானாக எழுந்தது. ஒன்பது நாளில் நான் ஹாரன் அடித்தது ஒரே தடவை, அதுவும் ஆட்டுக்கு. முதுகில் நீலச் சாயம் பூசிய பெரிய ஆடு, நடு ரோட்டில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஹாரனுக்கு அசையவில்லை. பெரியவன் இறங்கிப் போய் "ஏய், போ போ" என்றதும் எழுந்து போய்விட்டது. ஆட்டுக்குத் தமிழ் தெரிகிறது என்று இரண்டு நாளாக அதே பேச்சு.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்பாள். காலையில் ஓட்ஸ் கஞ்சி. இந்த ஊர்ப் பழைய ஆட்கள் அதில் உப்புதான் போடுகிறார்கள், நம் கஞ்சி மாதிரி. நான் சின்ன வெங்காயமும் கடைசி மோர்மிளகாய் பாக்கெட்டும் எடுத்துப் போயிருந்தேன். லூயிஸில் ஸ்டோர்னோவே என்ற ஊரில் ரத்தமும் ஓட்ஸும் சேர்த்துப் பெரிய குழாய் மாதிரி செய்து, வட்டமாக நறுக்கிப் பொரிக்கிறார்கள். உங்கள் மாப்பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய் மட்டும்தான் குறை, உங்க அம்மா வைக்கிற ரத்தப் பொரியலேதான்" என்றார். காற்று நின்ற சாயங்காலம் மட்டும் வெளியே உட்கார முடியாது. மிட்ஜ் என்று கண்ணுக்குத் தெரியாத பூச்சி, கொசு நூறு கடிக்கிற இடத்தில் இது ஆயிரம். ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் போவதில்லை. சின்னவள் தூங்குவதாயில்லை.

ஸ்கையிலிருந்து இன்னொரு படகு, ஹாரிஸுக்கு. அதுவும் லூயிஸும் ஒட்டிய ஒரே தீவுதான். அங்கேதான் ஒரு இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். ஹாரிஸின் மேற்குப் பக்கம் வெள்ளை மணல், புல்வெளி, மேயும் மாடு. கிழக்குப் பக்கம் வந்தால் வெறும் பாறை. பாறைக்கு நடுவே பாய் விரித்த அகலத்துக்குப் பாத்தி பாத்தியாக மேடு. விசாரித்தால், சுமார் 200 வருஷத்துக்கு முன்னால் மேற்கில் இருந்த குடியானவர்களைக் கிளப்பிவிட்டு நிலத்தை ஆட்டுப் பண்ணைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இந்தப் பாறைக்கு வந்த ஜனம் கடல்பாசியை முதுகில் சுமந்து வந்து மண்ணோடு கலந்து, அந்த மேட்டில் உருளைக்கிழங்கு போட்டுப் பிழைத்திருக்கிறது. ஆளைப் புதைக்க ஆழமான மண் இல்லை. அதனால் யாராவது செத்தால் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையைக் கடந்து மேற்கே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவார்களாம். அந்த ஒற்றையடிப் பாதை இன்னும் இருக்கிறது.

தேயிலை எஸ்டேட்டை விட்டு மாஞ்சோலைச் சனங்கள் கீழே இறங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலுமுக்கில் ஏறும் வெற்றிலைப் பாட்டியை பஸ் ஸ்டாண்டில் பார்த்ததையும், "எங்க வீட்டுக்காரரை மேலயே விட்டுட்டு வந்துட்டேன் டிரைவரே" என்று அவர் அழுததையும். எனக்கு அது ஞாபகம் வந்தது. உங்கள் மாப்பிள்ளை படகுக்கு நேரமாகிறது என்றார். அன்று படகே கிடையாது, சும்மா சொன்னார்.

லூயிஸில் ஞாயிற்றுக்கிழமை. தாத்தாவின் தம்பி வீட்டு ஓரமாகக் கூடாரம் போட்டிருந்தோம். ஈரத் துணியைக் கொடியில் போடப் போனேன், அவர் மனைவி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுநாளில் துணி காயப்போடக் கூடாதாம். முன்பெல்லாம் பார்க்கில் ஊஞ்சலைக்கூடக் கட்டிவைத்துவிடுவார்களாம். சர்ச்சில் ஒருவர் ஓர் அடியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு வேகத்தில் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். வாத்தியம் கிடையாது. ஒரு சொல்லும் புரியவில்லை. மார்கழியில் நம் தெரு பஜனை தூரத்தில் வருகிற மாதிரி இருந்தது.

இனி உங்களுக்கென்றே ஒரு ரோடு. படகில் உல்லாபூல் வந்து, அங்கிருந்து தெற்கே. பெயர் பியாலக் நா பா, மாடுகள் போகிற கணவாய் என்று அர்த்தம். கடல் மட்டத்திலிருந்து ஒரே மூச்சில் 626 மீட்டர் ஏறுகிறது. அடிவாரத்தில் பெரிய பலகை: வண்டி பழகுகிறவர்கள், பெரிய வண்டிகள், கேரவன் எல்லாம் போக வேண்டாம், ஐந்துக்கு ஒன்று ஏற்றம், கொண்டை ஊசி வளைவு. "கடலோரமாச் சுத்திப் போற நல்ல ரோடு ஒண்ணு இருக்கே" என்றார் மாப்பிள்ளை. நான் முதல் கியரைப் போட்டேன்.

பாதி ஏறியதும் மேலேயிருந்து ஒரு வேன். ஓட்டி வந்தவர் மிரண்டுபோய் நடு ரோட்டில் நின்றுவிட்டார். விதி என் பக்கம்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் விதி பேசுகிற நிலையில் இல்லை. நான் பின்னால் இறங்கினேன், ஒதுங்கும் இடம் வரை. ஒரு பக்கம் தடுப்புக் கம்பி, அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. "பின் சக்கரம் எங்கே நிக்குன்னு இடுப்புக்குத் தெரியணும்" என்று கிளீனர் பையன்களிடம் சொல்வீர்களே. நான் பானட் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னை ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை, ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன். இடுப்புக்குத் தெரிந்தது அப்பா.

மறுபடி ஏறும்போது கிளட்ச் தீய்ந்த வாடை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உச்சிக்குப் போனால் ஒரே மூடுபனி, கைநீட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. குதிரைவெட்டியில் டேம் தெரியும், காட்டுகிறேன் என்று எங்களைக் கூட்டிப்போன அன்றும் இப்படித்தானே? இறங்கி பானட் மேல் கையை வைத்தேன். அதே சூடு. அழுகை வந்துவிட்டது. மாப்பிள்ளை கிளட்ச்சை நினைத்துத்தான் அழுகிறேன் என்று எண்ணி, "பெரிய செலவு ஒண்ணும் வராது, விடு" என்றார். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

தாத்தா கேட்ட சாமான் ஒரு பீட் கட்டி. சதுப்பில் செங்கல் மாதிரி வெட்டி, காயவைத்து, அடுப்பெரிக்கிற மண். தம்பி வீட்டு அடுக்கிலிருந்து ஒன்று எடுத்து வந்தோம். வண்டி முழுக்க மக்கிய வேர் வாசம். தாத்தா அதை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து பார்த்தார். எங்கள் கட்டிடத்தில் எரிக்கிற அடுப்பு கிடையாது, ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டார். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்பார் என்று நினைத்தேன். "அங்கே ரோடு எப்படி இருக்கிறது?" என்றார். முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே சொன்னேன். மாடிக்கு வந்ததும் உங்கள் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

சரி, வீட்டு விஷயம். கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். புரட்டாசி வரட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், கண்ணுக்கு என்ன புரட்டாசி? முதலில் வலது கண். தம்பி லீவு போட மாட்டேன் என்றால் என்னிடம் சொல்லுங்கள்.

நம் தாத்தா வீட்டில் என் பங்குக்குத் தம்பி விடுதலைப் பத்திரம் கேட்டிருந்தான். எழுதித் தருகிறேன், யோசிக்க ஒன்றுமில்லை, உங்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். எடின்பரோவில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது, பவர் எழுதி அங்கே முத்திரை வாங்கி அனுப்ப வேண்டும். வாசகத்தை வக்கீலிடம் சரியாக எழுதி வாங்கி அனுப்பச் சொல்லுங்கள், இரண்டு தடவை அலைய முடியாது. கிணற்றடி மாமரத்தை மட்டும் வெட்ட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். பத்திரத்தில் எழுத வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

சித்தி மகள் கல்யாணச் செய்முறைக்கு இப்போதைக்கு என் பேரில் நீங்கள் போட்டுவிடுங்கள், ஐப்பசிக்குள் அனுப்பிவிடுகிறேன். கஷ்டம் ஒன்றும் இல்லை. கிளட்ச் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், அதனால் ஒரு மாதம் முன்னே பின்னே ஆகிறது, அவ்வளவுதான்.

மோர்மிளகாயும் அப்பளமும் அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள். பார்சல் செலவு அதிகம், வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியே அனுப்பினாலும் மோர்மிளகாய் அரைக் கிலோ போதும். அப்பளம் போன தடவை தூளாகத்தான் வந்தது. பரவாயில்லை, தூளையும் பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பா