மறுவரையறையும் மீதிக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றிய விவாதம் பெரும்பாலும் 1971 மக்கள்தொகையா, புதிய மக்கள்தொகையா என்பதிலேயே நிற்கிறது. அது பேசப்பட வேண்டியதுதான். ஆனால் எந்த ஆண்டின் எண்ணிக்கையை எடுத்தாலும், அதன்படி மாநிலங்களுக்கு இடங்களைப் பகிர ஒரு வகுத்தல் கணக்கு உண்டு. அதில் வரும் மீதியை என்ன செய்வது என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை.

ஒரு மாநிலத்தின் இடங்களுக்கும் மக்கள்தொகைக்கும் உள்ள விகிதம், சிறு மாநிலங்கள் நீங்கலாக, எல்லா மாநிலங்களுக்கும் 'இயன்றவரை' ஒன்றாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 81ஆவது பிரிவு கூறுகிறது. கணக்கில் 30.6 இடம் என்று வந்தால் தருவது முப்பதா, முப்பத்தொன்றா என்பதற்கு அங்கே விடை இல்லை. அதே அரசியலமைப்பின் 55ஆவது பிரிவோ, குடியரசுத் தலைவர் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பைக் காண, மாநில மக்கள்தொகையை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்து, மீதி 500க்குக் குறையாதிருந்தால் ஒன்றைக் கூட்டச் சொல்கிறது. தமிழ்நாட்டின் 1971 மக்கள்தொகையான 4,11,99,168ஐ 234ஆல் வகுத்து, வருவதை ஆயிரத்தால் வகுத்தால் ஈவு 176. மீதி ஏறத்தாழ 65 என்பதால் மதிப்பும் 176தான். இதில் வழக்காட எவருக்கும் இடமில்லை. இந்த வழியை மக்களவைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளவும் இயலாது; மாநிலம் மாநிலமாக முழு எண்ணாக்கினால் கூட்டுத்தொகை 543ஐத் தாண்டலாம், குறையவும் செய்யலாம்.

முழு எண்களை முதலில் கொடுத்துவிட்டு, எஞ்சும் இடங்களைப் பெரிய பின்னம் உள்ளவர்களுக்கு வரிசையாகக் கொடுப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அமெரிக்காவின் 1880 கணக்கெடுப்புக்குப் பின் அவ்வழியில் கணக்கிட்டபோது, அவையில் 299 இடங்கள் இருந்தால் அலபாமாவுக்கு 8 இடமும், 300 இருந்தால் 7 இடமும் வந்தன. ஓரிடம் கூடியதும் அலபாமாவின் பங்கு 7.646இலிருந்து 7.671 ஆனது, டெக்சாசின் பங்கோ 9.640இலிருந்து 9.672க்கு ஏறி, பின்னத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் முந்திக்கொண்டது. மொத்த இடங்கள் கூடினால் எந்த மாநிலமும் இழக்காது என்று நம் தலைவர்கள் சிலர் ஆறுதல் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த அலபாமாதான் நினைவுக்கு வருகிறது.

விதியை எப்போது எழுதுவது என்பதும் முக்கியம். 1940 கணக்கெடுப்பு முடிந்த பின், 1941இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் இன்றுள்ள முறையைத் தேர்ந்தது. எதிரே இருந்த மற்றொரு முறைக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரே ஓர் இடம்: மிச்சிகனுக்கா, ஆர்கன்சாவுக்கா என்பது. இரண்டு முறைகளுக்கும் கணித நியாயம் உண்டு. ஆனால் விடை முன்கூட்டியே தெரிந்திருந்ததால், உறுப்பினர்கள் ஏறக்குறையக் கட்சிவாரியாகப் பிரிந்தே வாக்களித்தனர்.

ஆகவே, இடங்களின் மொத்த எண்ணிக்கையையும், பின்னத்தை முழு எண்ணாக்கும் விதியையும், கணக்கெடுப்பின் மாநில வாரி எண்கள் வெளியாகும் முன்பே சட்டத்தில் எழுத வேண்டும் என்று நம் மக்களவை உறுப்பினர்கள் இப்போதே வலியுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தஞ்சாவூர்.